எண்ணெய்த் துணி

பட்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது.

குடித்தால் மட்டும் பரவாயில்லை. குடித்ததைக் கொஞ்ச நேரத்தில் கக்கியது. தச்சர் துடைத்தார். மறுபடி கக்கியது. மறுபடி துடைத்தார்.

பலகையின் மேல்பக்கம் தங்கமான பிள்ளை. ஒரு பூச்சு, ஒரு துடைப்பு, அதோடு சரி. ஓரத்தில் சீவாமல் விட்ட மரப்பட்டைதான் அவரைப் படுத்தி எடுத்தது. அதன் ஒவ்வொரு பிளவுக்கும் பிரஷ் நுனியால் ஊட்டிவிட வேண்டியிருந்தது.

பலகைக்கு ஆர்டர் கொடுத்த காபிக்கடைக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"வார்னிஷ் மட்டும் அடிச்சிடாதீங்க மாஸ்டர். பட்டை பிளாஸ்டிக் மாதிரி மினுக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் போடணும்."

அந்த எண்ணெயை அவர் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. பழைய பட்டறை எரிந்த பிறகு வந்ததெல்லாம் கதவு, ஜன்னல், அலமாரி. வார்னிஷ் வேலை. பிரஷ்ஷைக் கழுவி வைத்தால் முடிந்தது.

இன்றைக்குத் துணிக்கு அளவே இல்லை. கிழிந்த பனியன், பழைய போர்வை, தலையணை உறை. துடைத்துத் துடைத்துச் சுருட்டி, மேஜைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியில் போட்டுக் காலால் அமுக்கினார். தரையில் ஒரு துணி கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

வேலை முடிந்ததும் பட்டறையைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனார். சாப்பிட்டார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

எழுந்து வந்து பூட்டைத் திறந்ததும் புகை மூக்கில் ஏறியது.

"எவன்டா உள்ள ஊதுறது?"

வாய் தானாகக் கத்தியது. பழக்கதோஷம். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். மச்சினன். வாசலில் நின்று ஊதினாலும் புகை உள்ளே வரும். மனைவியின் தம்பி, இவரோடு பட்டறையில் வேலை பார்த்தவன். தெருவே அவனைப் புகைவண்டி என்றுதான் கூப்பிட்டது. 'வண்டி வருது, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கப்பா' என்று கேலி செய்வார்கள். அவனும் கோபப்படாமல் கூவிக்கொண்டே வருவான்.

இப்போது உள்ளே யாரும் இல்லை. பூட்டைத் திறந்தது அவரேதான். ஜன்னல்கள் உள்ளே தாழ் போட்டபடி இருந்தன.

புகை மேஜைக்கு அடியிலிருந்து வந்தது.

அட்டைப்பெட்டியை இழுத்தார். சுட்டது. துணிப்பந்தைக் குறடால் பிரித்தார். மேலே மஞ்சள். அதற்குள் பழுப்பு. அதற்கும் உள்ளே கரி. காற்றுப் பட்டதும் கரியின் நடுவில் சிவப்பாகக் கனன்றது.

தீக்குச்சி இல்லை. சிகரெட் இல்லை. கரண்ட் ஒயர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. எண்ணெய் குடித்த துணி தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தது.

பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடி, வாசலிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டார். சுர்ரென்று ஒரு சத்தம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய பட்டறை எரிந்த அன்றைக்கும் பட்டை விட்ட பலகைதான். இதே எண்ணெய்தான். இதே மாதிரி துணியை அமுக்கி வைத்து, பூட்டிவிட்டுச் சாப்பிடப் போன நேரம். மேஜைக்கு அடியிலிருந்துதான் தீ கிளம்பியிருக்கிறது என்று அணைக்க வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், ஜன்னலின் வெளித்திட்டில் கிடந்த சிகரெட் பெட்டி தச்சரின் கண்ணில் பட்டுவிட்டது.

மச்சினனைத் தெரு பார்க்க அறைந்தார். ஒன்றோடு நிறுத்தவில்லை.

"மாமா, பட்டறைக்குள்ள நான் பத்த வெச்சதே இல்ல மாமா. அக்கா மேல சத்தியமா."

"சோறு போட்ட இடத்துக்கே கொள்ளி வெச்சிட்டு சத்தியம் வேற பண்றியா? போடா. இனிமே என் கண்ணுல பட்ட, தெரியும் சேதி."

போய்விட்டான். போட்டிருந்த சட்டையோடு. அதற்குப் பிறகு போனும் இல்லை, ஆளும் இல்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா, ஒன்றும் தெரியாது.

அவன் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். மனைவி ஒரே ஒரு தடவை எடுத்தாள். "அவன் அப்படிச் செய்ய மாட்டாங்க" என்றாள். "சாட்சி இருக்கா?" என்று இவர் கேட்டார். அதோடு சரி. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

சாட்சி இப்போது தொட்டியில் மிதந்தது.

தண்ணீரில் கையை விட்டு ஒரு துணியை எடுத்தார். அவருடைய பனியன். நெஞ்சுப் பக்கம் கருகி ஓட்டையாகியிருந்தது. பிழிந்து குப்பையில் போட்டுவிட்டால் காக்கா குஞ்சுக்குக்கூடத் தெரியாது.

பின்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

மனைவி ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. கை ஈரம் சொட்டியது. கணவரையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. இரண்டையும் தாண்டிக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்று, மூச்சை உள்ளே இழுத்தாள். புகை இன்னும் கலையவில்லை.

அவள் முகம் சிரித்தது.

கையில் ஒரு காபித்தூள் டப்பாவின் மூடி வைத்திருந்தாள். தம்பி சாம்பல் தட்டுகிற மூடி. இத்தனை நாள் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

அடுக்கி வைத்த பலகைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"டேய், வெளிய வாடா. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."