ரெண்டையும் பார்த்துட்டேன்

கணினிக்குள் ஒப்பிடும் கருவி ஒன்று இருந்தது. ஒரே கோப்பை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி அனுப்பினால், வரிக்கு வரி பார்த்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். எழுத்துக் கோப்புகளிடையே அதற்கு ஏக மரியாதை.

ஒருநாள் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் வந்து நின்றன. ஒன்றில் குழந்தைக்கு விடுபட்ட கையை வரைந்திருந்தார்கள். அடுத்து வந்ததில் வானத்துக்கு நிறம் கூட்டியிருந்தார்கள்.

கருவிக்கு எழுத்து மட்டும்தான் படிக்க வரும். படம் தெரியாது. அத்தனை கோப்புகள் சுற்றி நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது?

"ரெண்டையும் நல்லாப் பார்த்துட்டேன். சேராது. கடைசியா வந்தது மட்டும் உள்ளே போ" என்றது.

வெளியே நின்ற பிரதி தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணே, அந்தக் கை நல்லா இல்லையா? சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்."

கருவி தலையைக் குனிந்துகொண்டது. யார் காதிலும் விழாத குரலில், "எந்தக் கை?" என்றது.