இடது மிதி

காலை இழந்தவர்களுக்கு, இல்லாத காலில் வரும் வலியைக் கண்ணாடிப் பயிற்சி குறைக்குமா என்பதுதான் பிசியோதெரபி மாணவி சங்கரியின் ஆய்வு. பட்டு நெசவாளர் பரமசிவத்துக்குச் சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். எடுத்த பாதம் எரிகிறதென்று அவர் தூங்குவதே இல்லை.

அவர் வீட்டில் தறியைப் பிரித்து விற்றாயிற்று. கால் விட்டு மிதிக்கும் தறிக்குழியைச் சிமெண்ட் பூசி மூடிய இடத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தினாள். வலது காலின் பிம்பம் இடது கால் போலவே தெரிந்தது.

"கண்ணாடியையே பாத்துக்கினு காலை அழுத்துங்கய்யா. ரெண்டு காலும் ஒண்ணா அழுத்துற மாதிரி தெரியும்."

அவர் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. தறியில் மிதிப்பதுபோல ஒரு கால் ஏற, ஒரு கால் இறங்கியது. தொழில் பழக்கம், கால்களை மாற்றி மாற்றி மிதிக்கிறார் என்று நினைத்துத் திருத்த வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். கண்ணாடிக்கு முன்னால் இருந்தது ஒரே கால்தான்.

"போதும்யா, நிறுத்துங்க."

வலது காலை அவர் மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் இடது கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"இப்ப வலி இருக்குதாய்யா?"

"இல்லம்மா." அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு ஒரு சேலை பாதியில நின்னுபோச்சு. கண்ணாடியை இப்ப எடுத்துடாதம்மா. முந்தானை மட்டும்தான் பாக்கி இருக்குது."