நிரா கீரைக் கொழுக்கட்டை

"டாக்டர், நிரா கீரை நாய்க்கு ஆகுமா?"

நாய் கின்தாவைத் தராசில் நிறுத்திக்கொண்டிருந்த டாக்டர் இகராஷி நிமிர்ந்தார். "ஆகவே ஆகாது. வெங்காயம், பூண்டு, நிரா எல்லாம் ஒரே இனம். நாய்க்கு விஷம். ரத்தத்தையே கெடுத்துடும். எவ்வளவு தின்னுச்சு?"

சாயோ கின்தாவின் முதுகைத் தடவினாள். "நேத்து சாப்பாட்டுல ஆறு கியோசாக் கொழுக்கட்டை."

"திருடித் தின்னுச்சா?"

"இல்ல, நான்தான் கொடுத்தேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் சமையல்ல இறங்கிட்டார். முதல் நாள் மிசோ சூப்புல ஒரு கடல் உப்பையே கரைச்சு வச்சிருந்தார். அப்புறம் உப்பும் இல்ல, உசிரும் இல்ல, வெறும் இலை தழைதான். எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பார்ப்பார். அருமைன்னு சொல்லிட்டு, மேஜைக்கு அடியில தள்ளிவிட்டுடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

டாக்டர் தராசைப் பார்த்தார். "மூணு கிலோ ஏறினது இப்படித்தானா?"

ரத்தம் எடுத்துப் பார்த்தார். "இப்போதைக்குப் பழுதில்ல. நாலஞ்சு நாள் கவனிங்க. சோர்ந்து படுத்தா உடனே தூக்கிட்டு வாங்க. முதல்ல அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்கம்மா."

கின்தாவை மார்போடு அணைத்தபடி சாயோ வீடுவரை அழுதுகொண்டே நடந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் அவளிடம் எதிர்பார்த்து நின்றது அந்த ஒரு 'அருமை'க்காகத்தான். அதையும் பொய்யாகவே கொடுத்திருக்கிறாள்.

கணவர் தெட்சுரோ அடுப்படியில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க சமையலை ஆறு மாசமா நான் சாப்பிடல. கின்தாவுக்குத்தான் போட்டேன். நேத்து நிரா கொழுக்கட்டையையும் போட்டுட்டேன். இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பாவம்தான்."

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. "நிராவா? அது முட்டைக்கோஸும் கொத்தமல்லியும்."

"கியோசாவுக்கு நிரா போடாம யாராவது செய்வாங்களா?"

"உனக்குன்னா போட்டிருப்பேன். நீ மேஜைக்கு அடியில தள்ளினதை முதல் நாளே பார்த்துட்டேன். மறுநாளே ஒரு நாய் வளர்ப்புப் புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். அன்னையிலேருந்து உப்பு, வெங்காயம், பூண்டு, நிரா எதையும் தொடுறதில்ல" என்றார் தெட்சுரோ. "சாப்பிடுறது யாரோ அவங்களுக்குத்தானே பார்த்துச் சமைக்கணும்?"