கயிற்றுச் செயின்

ஐந்தாம் நாள் மதியம், தூறலுக்கு நடுவே, இசக்கிமுத்துவின் சைக்கிள் செயின் அறுந்து விழுந்தது.

பாட்டை நிறுத்தினார்கள். மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் குடைகள் எல்லாம் முன்னால் நகர்ந்தன.

ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவதாக அவன் மைக்கில் சத்தியம் செய்திருந்தான். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சீட்டின் மேலேயே. கால் தரையில் பட்டால் சைக்கிள் யக்ஞம் முடிந்தது.

உருண்ட வேகத்திலேயே வந்து நடுக்கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டான். மைக்காரர் எண்ணத் தொடங்கினார். நூறு எண்ணுவதற்குள் சக்கரம் மறுபடி உருள வேண்டும்.

மாயம்மாள் கயிற்றோடு ஓடினாள். அவனுக்குப் பெண்டாட்டியும் அவள்தான், மெக்கானிக்கும் அவள்தான்.

ஆலுவாவில் இப்படித்தான் செயின் அறுந்தது. ஆணி அடித்துச் சேர்ப்பதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். கூட்டம் கூவி அனுப்பிய அன்றிலிருந்து அவன் இரும்பை மட்டும் நம்பி ஏறுவதில்லை. நின்ற இடத்தில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு செயின் வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்தான்.

தையல் மெஷின் தோல்வாரைப் போட்டான், வழுக்கியது. டியூபைக் கீறிப் போட்டான். பெடல் சுற்றியது, சக்கரம் யோசித்துக்கொண்டு நின்றது. சக்கரத்தின் பல்லுக்கு ஏற்ப முடிச்சு முடிச்சாகப் போட்ட கயிறுதான் கடைசியில் பிடித்தது. தேங்காய் நார்க்கயிறு வெயிலில் அருமையாக ஓடியது. நனைந்தால் முடிச்சு ஊதிப் பல்லை விட்டு ஏறிவிடும்.

மீன்வலை நைலானில் முடைந்தது மட்டும் மழையிலும் நின்றது. அதைப் பூட்டிக்கொண்டு பள்ளுருத்தி வரை போய்த் திரும்பினான்.

"இனி என்னைய எவன் எறக்குவான்னு பாக்கேன்" என்றான்.

இறங்கியிருந்த நாட்களிலும் அவன் கால்கள் இறங்கியதில்லை. தூக்கத்திலும் மிதிக்கும். மாயம்மாளின் கெண்டைக்கால்களைக் கேட்டால் தெரியும்.

மூன்றாம் நாளிலிருந்து காய்ச்சல். நேற்று அவள் வாளியில் பிடித்த மூத்திரம் சிவப்பாக இருந்தது. இறங்கிவிடச் சொல்லிக் கூடவே ஓடிக்கொண்டு கெஞ்சினாள். மைக்கில் சொன்னது சொன்னதுதான் என்று சொல்லிவிட்டுச் சுற்றினான்.

இப்போது அவள் பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டுக் கயிற்றைக் கோத்தாள்.

"அண்ணாச்சீ, இது சைக்கிளோ, காளவண்டியோ?" என்று ஒரு குடைக்குள்ளிருந்து கேட்டார்கள். சிரிப்பு.

இசக்கிமுத்து திரும்பவில்லை. திரும்பினால் சாய்ந்துவிடுவான்.

"ஏட்டீ, நைலான்தானே?"

"நைலான்தான். நீங்க நேரா பாருங்க."

எண்பதைத் தாண்டும்போது முடிச்சு விழுந்தது. சக்கரம் உருண்டது. விசில் பறந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து பாடியது.

ஒரு சுற்று வந்தான். அவளைக் கடக்கும்போது கண்ணடித்தான்.

தூறல் வலுத்தது.

அடுத்த சுற்று முடிவதற்குள் பெடல் வெறுமனே சுழன்றது. நடுக்கம்பம் தூரத்தில் இருந்தது. சைக்கிள் மெதுவாக, மாடு படுப்பதைப் போல, அவனோடு சாய்ந்தது.

சேற்றில் கிடந்தபடி கால்கள் காற்றை மிதித்தன. மாயம்மாள் ஓடிவந்து முழங்கால்கள் இரண்டையும் மடியில் சேர்த்து அமுக்கிக்கொண்டாள். துள்ளின. பிறகு நடுங்கின. பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராதபடி, அசையாமல் கிடந்தன.

கூட்டம் கூவியது. அவனுக்குக் கேட்கவில்லை, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

பின்சக்கரத்தில் சிக்கியிருந்ததை யாரோ பிய்த்து எறிந்தார்கள். நனைந்து ஊதிய தேங்காய் நார்.

மாயம்மாள் நகர்ந்து உட்காரக்கூட இல்லை. சேலைக்குள் செருகியிருந்த நைலானின் முடிச்சுகள் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தன.