ஜூன் ஒன்பது

சண்முகவேல் விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தார்.

பிறந்த தேதி: ஜூன் 9.

அச்சடித்த எழுத்து. எத்தனை முறை பார்த்தாலும் மாறப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. சாப்பாட்டு மேசை நிறைய வக்கீல் அனுப்பிய தாள்கள். எதிரே மகள் தாரணி, ஒரு காலை நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டு, வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

இதற்குமுன் அவள் எதையும் படித்ததில்லை. அப்பா பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது.

இது அவள் பெயரில் தனியாகப் போகிற விண்ணப்பம்.

இருபத்தொரு வயதாகிவிட்டால் பிள்ளை பிள்ளையில்லையாம். சட்டம் அப்படி. ஜூன் ஒன்பதோடு அப்பாவின் விசாவிலிருந்து கழன்றுவிடுவாள். அதற்குள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வருடத்தோடு கல்லூரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பதினான்கு வருடமாக நின்ற கிரீன் கார்டு வரிசை ஆகஸ்டில் இவர்களிடம் வந்துவிடும் என்கிறார் வக்கீல். அப்பாவுக்குக் கிடைக்கும். அம்மாவுக்குக் கிடைக்கும்.

தாரணிக்குக் கிடையாது. இரண்டே மாதத்தில் தவறிப்போயிற்று.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவள் பிறந்தது செப்டம்பர் இருபத்துநான்கு.

அது சண்முகவேலுக்குத் தெரியும். அவர் மனைவி வளர்மதிக்குத் தெரியும். ஈரோட்டில் பீரோவுக்குள் கிடக்கிற ஜாதகத்துக்குத் தெரியும்.

எல்.கே.ஜி. சேர்க்கப் போன இடத்தில், ஜூன் முடிவதற்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் இடித்தது. "ஒரு வருசத்த எதுக்குங்க வீணாக்கறீங்க, தேதிய மாத்தி வாங்கிட்டு வந்துருங்க" என்று அங்கே யாரோ நல்ல மனதோடுதான் சொன்னார். ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம். பிறப்பைப் பதியாமலே போட்டு வைத்திருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். ஒரு வருசம் மிச்சம் பண்ணிட்டேன் என்று.

மிச்சம் பண்ணிய மனுஷன்தான் பிறகு பதினான்கு வருடம் வரிசையில் நின்றார்.

இங்கே வந்தபின் பிறந்த நாளையும் ஜூனுக்கே மாற்றிக்கொண்டார்கள். குழந்தை பள்ளிக்கூடத்தில் ஏதாவது உளறி வைத்துவிடக் கூடாதே. செப்டம்பர் இருபத்துநான்கு அன்று வளர்மதி பாயசம் வைப்பாள். என்ன விசேஷம் என்று தாரணி கேட்டால், சும்மாதான் சாமி, என்பாள்.

இப்போது திருத்தினால் என்ன?

பாஸ்போர்ட்டில் தொடங்கி இத்தனை வருடத்துத் தாளிலும் அந்த ஜூன்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை உருவினால் மூன்று பேர் பிழைப்பும் சேர்ந்து சரியும். அதையும் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டார்.

ஆனாலும் இன்றைக்கு மகளிடம் சொல்லிவிடுவது என்றுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவளாவது தெரிந்துகொள்ளட்டும். திட்டட்டும். இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கட்டும்.

"படிச்சு முடிச்சதும் ஊருக்குத் திரும்பிருவேன்னு எழுதணுமாம்ப்பா. எழுதிட்டேன்" என்றாள் தாரணி. "பொய்யில்ல. கார்டு இல்லேன்னா போய்த்தானே ஆகணும்?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஐந்து வயதில் தூக்கிக்கொண்டு வந்த பெண். அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

"தாரணி..."

"இருங்க, கடைசிப் பக்கம்." விரலை வைத்து மெல்லப் படித்தாள். அங்கே இருந்தது ஒரே ஒரு விஷயம். மேலே சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை. பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் தண்டனைக்கு உரியவள்.

எனக்குத் தெரிந்தவரை.

சொன்னால் இவர் பாரம் இறங்கும். சொன்ன அந்த நிமிடத்திலிருந்து அந்த வரி அவளுக்குப் பொய்யாகிவிடும்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பேரு சரியா இருக்கான்னு பாரு."

"அதெல்லாம் சரியா இருக்கு." பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, என்னை ஒரு மூணு மாசம் கழிச்சுப் பெத்திருக்கக் கூடாதா? உங்களோடயே இருந்திருப்பேன்ல?"

உள்ளே குழாய்த் தண்ணீர் நின்றது.

"அவசரம் எங்களோடதுதான் சாமி" என்றார் அவர்.

தாரணி சிரித்தாள். சிரித்தபடியே குனிந்து, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள். தேதி போட்டாள். ஊதிக் காயவைத்தாள்.

அடுத்த தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். மகளின் படிப்புச் செலவுக்கு நானே பொறுப்பு என்று தகப்பன் எழுதிக் கொடுக்கிற தாள். முதல் வரியில் அவள் பெயர். பக்கத்தில் பிறந்த தேதி. கீழே அதே உறுதிமொழி.

"இப்ப நீங்க போடுங்கப்பா."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

மூக்குக் கண்ணாடியைத் தேடினார். தாள்களைத் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார்.

"அப்பா, கண்ணாடியப் போட்டுட்டுத்தான் இருக்கீங்க" என்றாள் தாரணி.