சாட்சிக்கு ஒரு கேமரா

கட்டிலில் மூன்று கேமராக்கள்.

அவள் எதையும் தொடவில்லை. முதலில் மழைக்கோட்டை எடைத்தராசில் வைத்தாள். கேக் செய்வதற்கென்று வாங்கிய சின்னத் தராசு. கேக் செய்ததைவிட அதில் டியூபும் பஞ்சர் பசையும் நிறுத்ததுதான் அதிகம்.

கோவையிலிருந்து கோகர்ணம் வரை சைக்கிள் பந்தயம். வால்பாறை மலை ஏறி, கேரளம் கடந்து, குடகு வழியாகப் போக வேண்டும். கூட வண்டி வரக்கூடாது. வீட்டு ஆட்கள் சோறு தண்ணீர் கொண்டுவந்து தரக்கூடாது. வேண்டியதையெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் தனியாக மிதிக்க வேண்டும்.

கட்டியதை மலையில் தொடைதான் சுமக்கும். அதனால் எல்லோரும் கஞ்சத்தனமாக நிறுப்பார்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து எறிகிற கூட்டம் அது. அவர்களும் கேமராவை மட்டும் விடமாட்டார்கள். மிதித்தால் மட்டும் போதுமா, மிதித்ததை ஊர் பார்க்க வேண்டாமா?

மற்றவர்களுக்கு அது ஆசை. அவளுக்கு நிபந்தனை.

போன வருடம் நடந்தது இதுதான். ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு கருவி இருக்கும். ஆள் போகும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும். வீட்டில் இருப்பவர்கள் செல்போனில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். வால்பாறையின் கொண்டை ஊசி வளைவுகளில் அவள் புள்ளி மறைந்தது. அடிவாரத்தில் மறைந்து மலைமேல் முளைத்தது.

லாரியில் ஏறியிருப்பாள் என்றார்கள்.

காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அதே வளைவுகளில் ஆண்களின் புள்ளிகளும்தான் மறைந்தன. அவர்களில் ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புள்ளியில் என்ன ஆண் புள்ளி, பெண் புள்ளி?

மழையில் நனைந்து, பல் கிட்டித்து, அழுதுகொண்டே ஏறிய மலை அது. அதை அப்படியே தூக்கி ஏதோ ஒரு லாரிக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். முடிவுகளில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘சந்தேகம்’ என்று போட்டார்கள்.

இந்த வருடம் பந்தயத்தை நடத்தும் நந்தகோபால் போன் செய்தார். ஹேண்டில்பாரில் கேமரா மாட்டி, மலை முழுக்க அவள் முகம் தெரிகிற மாதிரி ஓடவிட வேண்டுமாம். எல்லோருக்கும் இந்த விதியா என்று கேட்டாள். இல்லையாம். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாராம். நல்லதாம், பெரிய நல்லது!

முதல் கேமரா கழுத்தை ஒடிக்கிற சைஸ். கல்யாண வீடுகளுக்குப் போனால் அவள் கணவன் கிருபாகரனின் தோளில் தொங்குவது. அதற்குப் பதில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு போகலாம்.

இரண்டாவது, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. சட்டைப் பைக்குள் அடங்கும். தானாக ஓடாது. நின்று, பார்த்து, அமுக்க வேண்டும்.

மூன்றாவது, இதற்கென்றே கிருபாகரன் வாங்கி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அது ஒன்றும் பாரமில்லை. ஆனால் மலை முழுக்க ஓட வேண்டுமென்றால் உதிரி பேட்டரிகள், பவர் பேங்க், வயர், மாட்டுகிற கிளிப் எல்லாம் வேண்டும். அத்தனையையும் தராசில் வைத்தாள். மழைக்கோட்டின் எடை வந்தது.

பையில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

நனையலாம். நனைந்துகொண்டே நிரூபிக்கலாம்.

கிருபாகரன் வந்து கதவருகே நின்றான். மாட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் ஒரு பயலும் வாயைத் திறக்கமாட்டான் என்றான். அவனுக்கும் அதைப் பார்க்க வேண்டுமா என்று அவள் கேட்டாள்.

உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

கொஞ்சம் தாமதித்துச் சொன்னான்.

அது அவளைச் சுட்டது. ஊரே பேசியபோதுகூட அப்படிச் சுடவில்லை. மழைக்கோட்டை மடித்துப் பையில் திணித்தாள். சின்னக் கேமராவை ஜெர்சியின் முதுகுப் பைக்குள் போட்டாள். அவன் வாங்கி வந்ததைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

பந்தயத்தன்று விடிகாலை. நந்தகோபால் ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் ஹேண்டில்பாரைப் பார்த்தார். குனிந்து அதன் அடியிலும் பார்த்தார்.

கேமரா இல்லையென்றால் முடிவுகளில் பெயரே வராது என்றார். மிதிக்கலாம், கோகர்ணம் வரைக்கும் போகலாம், ஆனால் போனதாகக் கணக்கில் வராது. கோபமில்லாமல், ரொம்பத் தன்மையாகச் சொன்னார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிருபாகரனின் கை சட்டைப் பைக்குள் போனது. பாவி மனுஷன், புதிய கேமராவை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறான். கடைசி நேரத்தில் அவள் மனம் மாறுவாள் என்று நினைத்திருப்பான்.

அவள் அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

அவள் சின்னக் கேமராவை எடுத்து நந்தகோபாலின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பழக்கதோஷம், அவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு சிரித்தார்.

“ஆடாம நில்லுங்க சார். இன்னிக்கு நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு நாளைக்கு யாராச்சும் நம்பலைன்னா, என்ற கையில சாட்சி வேணுமில்லீங்களா?”

அமுக்கினாள்.

திரையில் படம் தெரிந்தது. நந்தகோபாலின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. அவருக்குப் பின்னால், ஓரத்தில், கொஞ்சம் மங்கலாகக் கிருபாகரன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

விசில் ஊதினார்கள்.

பெயர் வராத அவள்தான் முதலில் புறப்படும் கோட்டைத் தாண்டினாள்.