கருவாடு தெரியாத சன்னல்

அந்தக் குடியிருப்பின் சன்னல் கண்ணாடிகள் வெயிலை மின்சாரமாக்கும். காற்றில் கலந்திருப்பதை மோந்தும் சொல்லும். கண்ணாடியில் பூசிய குறைக்கடத்திப் பூச்சு தையல்நாயகியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எரிவாயு முதல் பெருங்காயம் வரை இரண்டாயிரம் வாசனைகளுக்கு அவள்தான் பெயர் சொல்லிக் கொடுத்தாள்.

அதே குடியிருப்பிலிருந்த அவள் வீட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மாமியார் ரெஜினாள், மகனுக்குப் பிடிக்குமே என்று ஞாயிறு காலை கருவாட்டுக் குழம்பு வைத்தார். கொதி வந்ததும் சன்னல்கள் சிவந்தன. "பிணவாடை! உடனே வெளியேறவும்!" என்று மாடிக்கு மாடி அலறின. ஆட்கள் லுங்கியோடு இறங்கி ஓடினார்கள்.

ரெஜினாள் பெட்டியை எடுத்துவிட்டார். "என் கொழம்பப் போயி பொணவாடங்குது உன் சன்னலு. நான் ஊருக்கே போறேம்மா."

"அது மேல தப்பில்ல அத்தை. நான் சைவம். அதுக்குக் கருவாட்டச் சொல்லிக் கொடுக்கணும்னே எனக்குத் தோணல."

தையல்நாயகி குழம்புச் சட்டியைச் சன்னலருகே கொண்டுபோய் ஆவி காட்டினாள். மூக்கைப் பொத்தவில்லை. இதற்கு என்ன பெயர் என்று கண்ணாடி கேட்டது. மாமியாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரெஜினாள் சிரித்துவிட்டு, பெட்டியைக் கீழே வைத்தார்.

ஒரு சன்னல் கற்றது எல்லா ஊர்ச் சன்னல்களுக்கும் போய்விடும். மறுநாள் ஓசூரில் தனியாக இருக்கும் ஒருவர் கருவாடு வறுத்தார். அவர் வீட்டுச் சன்னல் பொன்னிறமாகிச் சொன்னது: "அத்தை வந்திருக்காங்க."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாசற்கதவைத் திறந்து பார்த்தார்.